வடக்கு பார்க்காத முள்

பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வு அன்று விடியும்போதே எனக்குத் தீட்டு வந்துவிட்டது. நான்கு நாள் கழித்து வரவேண்டியது. பயத்தில் முந்திக்கொண்டது என்று இன்றைக்குச் சொல்லத் தெரிகிறது. அன்றைக்குத் தோட்டத்துப் பக்கம் நின்றுகொண்டு, சரி, இனி நடப்பதெல்லாம் கெட்டதாகத்தான் நடக்கும் என்று முடிவு கட்டினேன். பதினேழு வயதில், கெட்டதை முன்கூட்டியே முடிவு கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

போதாக்குறைக்கு அமாவாசை. போன அமாவாசைக்கு அம்மா மேல்மலையனூர் போய், அங்காளம்மன் காலடியில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழம் ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். ஒரு மாதத்தில் அது காய்ந்து கோலிக்குண்டு மாதிரி ஆகியிருந்தது. பரீட்சைக்குப் போகும்போது அதை என் பையில் வைத்து அனுப்புவதாக ஏற்பாடு. தீட்டுக்காரி அதைத் தொட முடியுமா? அம்மா நெற்றியில் விபூதிகூட வைக்கவில்லை. நான்கடி தள்ளி நின்றுகொண்டு, "இன்னிக்குப் பாத்துத்தான் வரணுமா இது?" என்று முனகினாள். என்னைத் திட்டவில்லை, அதைத் திட்டினாள்.

பழம் போனால் இரும்பு. தீட்டோடு வெளியே போகிற பெண்ணைக் காத்து கருப்பு அண்டாமல் இருக்க, இடுப்பில் ஒரு இரும்பும் நாலு வேப்பிலையும் வேண்டும். எங்கள் பக்கத்தில் அநேக வீடுகளில் அதுதான் வழக்கம். எனக்கென்று ஒரு பழைய பூட்டுச் சாவி இருந்தது. அது அன்றைக்குப் பார்த்து அகப்படவில்லை. அம்மா அண்ணனுடைய சாமான் பெட்டியைத் துழாவி, உடைந்த அரம் ஒன்றை எடுத்து வந்தாள். என் நடுவிரல் நீளம் இருக்கும். கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். நான் குனிந்து எடுத்து, வேப்பிலையோடு சேர்த்துப் பாவாடை நாடாவுக்குள் செருகிக்கொண்டேன்.

"வூட்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் இத்த எடுக்கக் கூடாது. இன்னா ஆனாலும் சரி. சத்தியம் பண்ணு."

"சத்தியமா எடுக்க மாட்டேன்."

என் சத்தியத்துக்கு அன்று மத்தியானம் வரைதான் ஆயுள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

இந்தப் பரீட்சையில் எனக்கு எதற்கு இத்தனை பயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனும் பிளஸ் டூ படித்தான். எழுத்துத் தேர்வில் எல்லாம் தேறி, இயற்பியல் செய்முறையில் மட்டும் தோற்றான். மறுபடி எழுதினான், மறுபடி தோற்றான். கேள்வி கேட்கிற ஆள் பக்கத்தில் வந்து நின்றால் போதும், அவன் கை நடுங்க ஆரம்பித்துவிடும். இப்போது திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலை. மயிரிழை மாதிரி செப்புக் கம்பியை ஆயிரம் சுற்று சுற்றுவான், கை ஒரு தடவைகூட நடுங்காது. கரண்டைக் கண்டு பயப்படாதவன், பரீட்சைக்கு வந்த வாத்தியாரைக் கண்டு பயந்தான்.

அப்பாவுக்கு மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், கேப்பையும் போடுகிற இரண்டு ஏக்கர் கொல்லை. அண்ணன் இரண்டாவது தடவையும் தோற்ற அன்று அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "மல்லாட்டை ஒரு வாட்டி பொய்ச்சா மறுவாட்டி போடலாம். பசங்க படிப்புக்கு அப்படிப் போட்டுக்கினே இருக்க முடியாது. உனக்கு ஒரே வாட்டிதான். பாஸ் பண்ணா காலேஜு. இல்லன்னா கொல்லை வேலைக்கு வந்துடு." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யுமா பெய்யாதா என்று பேசுகிற குரலில் சொன்னார். அதனால்தான் அது நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

நான் காலேஜுக்குப் போக வேண்டும். அதுவும் இயற்பியல்தான் படிக்க வேண்டும். இதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பதினோராம் வகுப்பில் ஒருநாள் கையில் ஒரு குவிலென்சைக் கொடுத்து, ஜன்னலுக்கு எதிரே சுவரில் பிம்பம் பிடிக்கச் சொன்னார்கள். முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தேன். வெறும் வெளிச்சத் திட்டாக இருந்தது திடீரென்று கூர்மையாகி, ஜன்னல் கம்பியும் அதற்குப் பின்னால் புளியமரமும் ரோட்டில் போகிற சைக்கிளும் தலைகீழாக, வண்ணத்தோடு, உள்ளங்கை அகலத்தில் சுவரில் நின்றன. சைக்கிள் தலைகீழாகவே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அன்று முதல் செய்முறைத் தேர்வில் எனக்கு லென்சுதான் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒளி என்றால் கண்ணால் பார்த்துவிடலாம். மின்சாரமும் காந்தமும் அப்படி இல்லை. அவை கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு ஒரு முள்ளை மட்டும் ஆட்டிவைக்கும்.

திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்குப் பிளஸ் டூ வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. லேப் என்ற பேரில் ஒரு அறை, அதில் பாதிச் சாமான். ஆகையால் தேர்வு எழுத விழுப்புரத்தில் ஒரு பெரிய பள்ளிக்குப் போகவேண்டும். அமாவாசைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று அண்ணன் கடைக்கு லீவு போட்டுவிட்டு என்னை ரயிலில் அழைத்துப் போனான்.

"ஜல்தி வா. வண்டி வந்துக்கினு இருக்குது."

நான் ஓடவில்லை. ஓடினால் இடுப்பில் இருப்பது நழுவிவிடும் என்று பயம். கரண்ட் இஞ்சின் பூட்டிய பாசஞ்சர் வண்டி. அந்த இஞ்சின் விழுப்புரம் வரைக்கும்தான். அங்கே அதைக் கழற்றிவிட்டுத் தெற்கே போக வேறு இஞ்சினை மாட்டுவார்கள், ஏனென்றால் மேலே கம்பி விழுப்புரத்தோடு நின்றுவிடுகிறது. அண்ணன் இதையெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டு வந்தான். என் பயத்தை மறக்கடிக்கத்தான் பேசினான் என்று தெரியும். ஆனால் பேசும்போது அவன் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். பரீட்சை எனக்கு, நடுக்கம் அவனுக்கு.

ஸ்டேஷனிலிருந்து நடந்தோம். பள்ளி கேட்டு வரைக்கும் வந்தான். அதற்கு மேல் வரவில்லை. அவன் இரண்டு முறையும் தோற்றது அதே லேப்பில்.

உள்ளே எட்டுப் பேர். ஆறு பையன்கள், இரண்டு பெண்கள். தேர்வாளர் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மேஜையில் மடித்த சீட்டுகளைப் பரப்பி, "எடுங்க, ஆளுக்கு ஒண்ணு. எடுத்த பிறகு மாத்தறது கிடையாது. வெளிய போறதும் கிடையாது" என்றார். வெளியே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் நோட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டாம்.

நான் லென்ஸ் லென்ஸ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எடுத்தேன். விலகு காந்தமானி.

பார்ப்பதற்குச் சாதுவான கருவி அது. நடுவில் ஒரு வட்டப் பெட்டி, அதற்குள் ஒரு குட்டிக் காந்த ஊசி, ஊசிக்குக் குறுக்காக ஒட்டிய நீளமான அலுமினிய முள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் அளவுகோல் பதித்த மரத்தண்டு. தண்டைக் கிழக்கு மேற்காக வைத்து, பெட்டியைத் திருப்பி, முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு சட்டக் காந்தத்தைத் தண்டின்மேல் வைத்தால் முள் விலகும். எத்தனை பாகை விலகியது என்று குறிக்க வேண்டும். காந்தத்தைத் திருப்பி வைத்து, மறுபக்கத் தண்டில் வைத்து, முள்ளின் இரண்டு முனையையும் பார்த்து, ஒரு தூரத்துக்கு எட்டு அளவு எடுக்கவேண்டும். வடக்கு தெற்காக நிற்கத்தான் ஊசிக்கு ஆசை. நாம் வைக்கிற காந்தம் அதை இழுக்கிறது. இரண்டு இழுப்புக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

தண்டின் மூலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஆயுதபூஜைக்கு வைத்தது. அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. பூஜை செய்த பொருள். வீட்டில் இந்த மூன்று நாள் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பாள் அம்மா. துளசிப் பக்கம் போனால் வாடிவிடுமாம். நான் படித்த பெண், இதையெல்லாம் நம்பக்கூடாதுதான். ஆனால் நம்பாமல் இருக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொட்டேன்.

முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தினேன். நன்றாகத்தான் நின்றது. அளவு பார்க்கக் குனிந்தேன். முள் நகர்ந்தது.

நான் இன்னும் காந்தத்தை வைக்கவே இல்லை. காந்தம் மேஜையின் அந்தக் கோடியில், பெட்டிக்குள் இருக்கிறது. நிமிர்ந்தேன். முள் ஆடி ஆடி மறுபடியும் பூச்சியத்துக்கு வந்தது. குனிந்தேன். எட்டு பாகை தள்ளிப் போனது. நிமிர்ந்தால் பூச்சியம். குனிந்தால் எட்டு, சில சமயம் பத்து.

குனியாமல் பார்க்க முடியாது. முள்ளுக்கு அடியில் ஒரு முகக்கண்ணாடி வைத்திருப்பார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலே இருந்து பார்த்தால், முள் தன் பிம்பத்தைத் தானே மறைத்துக்கொள்ளும். அப்போது காட்டுகிற அளவுதான் சரி. சாய்ந்து பார்த்தால் தப்பு. அதை ஒழுங்காகச் செய்ய மேஜை விளிம்பில் இடுப்பை அழுத்திக்கொண்டு முழுசாகக் கவிழ வேண்டும். நான் எவ்வளவு ஒழுங்காகக் கவிழ்ந்தேனோ அவ்வளவு முள் ஓடியது. கண்ணாடியில் என் ஒற்றைக் கண் தெரிந்தது. விபூதி இல்லாத நெற்றி தெரிந்தது.

அப்போது எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்கிறேன். தீட்டு. நான் கிட்டே போனால் முள் விலகுகிறது, தள்ளிப் போனால் சரியாகிறது. அம்மா காலையில் நான்கடி தள்ளி நின்றமாதிரி. ஊறுகாய்க்குத் தெரிகிறது, துளசிக்குத் தெரிகிறது, இதற்குத் தெரியாதா?   உள்ளங்கை வேர்த்துப் பென்சில் வழுக்கியது. அரைமணி போய்விட்டது, தாளில் ஒரு அளவும் இல்லை. அப்பாவின் குரல் காதில் கேட்டது. ஒரே வாட்டிதான்.

கையை எட்ட நீட்டிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தண்டை இடம் மாற்றினேன். மேஜைக்கு மறுபக்கம் போய் நின்றேன். அங்கிருந்து குனிந்தால் முள் இந்தப் பக்கம் திரும்பியது. எங்கே போனாலும் என்னைத் தொடர்ந்து வந்தது. தேர்வாளர் தூரத்திலிருந்து பார்த்தார். "ஏம்மா, கோயில் சுத்தறியா?" பையன்கள் சிரித்தார்கள்.

சரி, தோற்றேன் என்று நினைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து மேஜைமேல் சாய்ந்தேன். விடைத்தாளைக் கோர்ப்பதற்காக ஒரு டப்பா மூடியில் குண்டூசி வைத்திருந்தார்கள். அது மேஜை விளிம்பில் இருந்தது. நான் சாய்ந்ததும் மூடிக்குள் ஒரு சலசலப்பு. நிமிர்ந்தபோது என் தாவணியில், இடுப்புப் பக்கத்தில், மூன்று குண்டூசிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு தொங்கின.

அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பழம் மாதிரி ஒரு விஷயம் தானாக மடியில் விழுந்தும் எடுத்துத் தின்ன எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. குண்டூசிக்குத் தீட்டு தெரியாது. குண்டூசி காந்தத்துக்குத்தான் வரும். அம்மா கொடுத்த இரும்பு வெறும் இரும்பு இல்லை. அது காந்தம். முள்ளை இழுத்தது நான் இல்லை, அது.

சந்தோஷம் வரவில்லை. அடுத்த பயம் வந்தது. அதை எப்படி எடுப்பது? தாவணிக்குள், பாவாடை நாடாவுக்குள் இருக்கிறது. வீட்டுக்குப் போகிற வரை எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அமாவாசை. எடுத்தால் ஏதாவது ஆகிவிடும். எடுக்காவிட்டால் தோற்பது நிச்சயம். காத்து கருப்பா, கொல்லை வேலையா என்று யோசித்தேன். கொல்லைக்குத்தான் அதிகம் பயந்தேன் என்பது எனக்கே ஆச்சரியம்.

தேர்வாளரிடம் போய், "வெளிய போயிட்டு வரணும் சார்" என்றேன்.

"முதல்லயே சொன்னேனே. கிடையாது."

"அவசரம் சார்."

"எல்லாருக்கும் அவசரம்தான். போய் ரீடிங் எடும்மா."

திரும்பி வந்தேன். அறை மூலையில் ஒரு இரும்பு அலமாரி. அதன் பக்கமாகப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தாவணியை விலக்கி நாடாவுக்குள் கையை விட்டேன். அரம் வேர்வையில் ஒட்டிக்கொண்டு சட்டென்று வரவில்லை.

"ஏய்! என்ன எடுக்கற அங்க?"

தேர்வாளர் எழுந்து வந்துகொண்டிருந்தார். "பிட்டா? கையை மூடாத. அப்படியே திரும்பு."

 பிட்டு அடித்துப் பிடிபட்டால் இந்தத் தேர்வு மட்டும் இல்லை, எல்லாத் தேர்வும் போகும். ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பினேன். கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பிட்டு வைத்திருக்கிறவள் செய்வதும் அதைத்தான்.

"காட்டு."

காட்டினேன். உள்ளங்கையில் உடைந்த அரம், அதில் ஒட்டிக்கொண்ட இரண்டு வேப்பிலை.

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு வேப்பிலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், புரிந்தது. ஒரு அடி பின்னால் போனார். இயற்பியல் வாத்தியார், ஊரெல்லாம் போய்த் தேர்வு நடத்துகிறவர், அம்மா மாதிரியே ஒரு அடி பின்னால் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு அடியில் கோபமும் இருந்தது. கோபம்தான் வாயைத் திறந்தது.

"பிட்டு இல்ல சார். காந்தம். இது இடுப்புல இருந்ததால முள்ளு நிக்கல."

"என்னது?"

"நான் குனிஞ்சா முள்ளு நவுருது சார். என்னால இல்ல. இதால."

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். தேர்வாளர் அவன் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தார். பிறகு என்னிடம், "கொண்டு போ கிட்ட" என்றார். நான் அரத்தைப் பெட்டிக்கு அருகே கொண்டு போனேன். முள் சுழன்றது. "தள்ளி எடு." முள் ஆடி, பூச்சியத்துக்கு வந்தது. "மறுமுனையைக் காட்டு." முள் எதிர்ப்பக்கம் ஓடியது. அவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தார். கடைசியில் மேஜைமேல் கவிழ்ந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட, நல்ல காந்தமா இருக்கே" என்று சொல்லி என் கையிலிருந்து அரத்தை வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தார். அப்புறம்தான் கையில் இருப்பது எது என்று ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஜன்னலாண்ட வை. போ, ரீடிங் எடு. நேரம் கூடத் தர மாட்டேன்."

ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். குனிந்தேன். முள் நின்றது. இடுப்பில் ஒன்றும் இல்லாமல், நெற்றியில் ஒன்றும் இல்லாமல், அமாவாசையன்று, தீட்டோடு குனிந்தேன். முள் அசையவில்லை. கண்ணாடியில் தன் பிம்பத்தின்மேல் சரியாகப் படுத்துக்கொண்டது. எழுந்தேன், மறுபடி குனிந்தேன். அது நான் வந்ததையும் போனதையும் கண்டுகொள்ளவே இல்லை.

ஆறு தூரத்துக்கு அளவு எடுக்க வேண்டும், நான்கு தூரத்துக்குத்தான் முடிந்தது. கணக்குப் போட்டு விடை எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். வாய்மொழியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு. "இந்தச் சோதனைல கவனிக்க வேண்டியது என்ன?" "பக்கத்துல இரும்பு, காந்தம் எதுவும் இருக்கக் கூடாது சார்." அவர் உதட்டோரத்தில் சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். அது எனக்குத் தெரியாத மாதிரி கையால் மறைத்துக்கொண்டார்.

அண்ணன் கேட்டுக்கு எதிரே நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். நான் ஜன்னலிலிருந்து எடுத்து வந்த அரத்தை நீட்டினேன். அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இது எங்க கெடச்சிது உனக்கு? இது என்னுது."

மோட்டாருக்குள் விழுகிற திருகாணிகளை எடுக்க அவன் செய்து வைத்திருந்தானாம். அரத்தைச் சுற்றிக் கம்பி சுற்றி, டிராக்டர் பேட்டரியில் தொட்டுத் தொட்டு எடுத்தால் அது காந்தமாகிவிடும். நல்ல எஃகு, அவ்வளவு லேசில் காந்தம் போகாது. சொல்லிக்கொண்டே வந்தவன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "நான் தோத்தது பத்தாதுன்னு உன்னையும் தோக்க வச்சிட்டனா?" என்றான். அவன் கை நடுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டேன். தீட்டு ஞாபகம் இருவருக்கும் வரவில்லை.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை.

"இரும்பு இருக்குதா?"

"அண்ணன்கிட்ட இருக்குது. நான் எடுத்துட்டேன். எடுக்கலன்னா பெயிலாயிருப்பேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். முள், குண்டூசி, பிட்டு, பின்னால் போன வாத்தியார். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"எவ்ளோ நேரம் இல்லாம இருந்த?"

"அப்ப எடுத்ததுதான். இப்ப வரைக்கும்."

"அமாவாசைல? ரயில்லயும் அப்படியேவா வந்த?" அவள் கடகடவென்று கிட்டே வந்தாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். காலையில் நான்கடி தள்ளி நின்றவள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அன்று முழுக்க வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றதாக ஞாபகம் இல்லை. தபால்காரர் மணி அடித்தாலே வாசலுக்கு ஓடுவேன். நாலு தூரம் போதுமா, ஆறு வேண்டுமா, அவர் கையால் மறைத்தது என்ன என்று கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போதெல்லாம் கணக்குப் போட்டேன்.  அப்பா எனக்கென்று ஒரு களைக்கொத்தி வாங்கி வைத்திருந்தார்.  பேப்பரில் எண் வந்த அன்று அண்ணன்தான் பார்த்துவிட்டு ஓடிவந்தான். மூச்சு வாங்கியதில் அவனால் சொல்ல முடியவில்லை, கையைத்தான் காட்டினான். கை நடுங்கவில்லை. அப்பா களைக்கொத்தியை எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுத்தார்.

விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தேன். முதல் மாதத்திலேயே ஒரு லேப் நாள் அன்று தீட்டு வந்துவிட்டது. அதற்கும் எனக்கும் அப்படி ஒரு பொருத்தம். அம்மா ஒரு இரும்புத் துண்டைக் கொண்டு வந்து தரையில் வைக்காமல் என் கையிலேயே கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள், தன் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி அந்த இரும்பின்மேல் வைத்தாள். கவிழ்த்துக் காட்டினாள். ஊக்கு பொத்தென்று கீழே விழுந்தது.

"பாத்தியா? ஒட்டல. நாலஞ்சு துண்டு வச்சிப் பாத்துத்தான் இத்த எடுத்தேன். உன் முள்ளு நவுராது. தைரியமா எடுத்துக்கினு போ."

வெறும் இரும்பும் முள்ளை இழுக்கத்தான் செய்யும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. வாங்கிச் செருகிக்கொண்டு போய், லேப் வாசலில் எடுத்துப் பையில் வைத்து, பையை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும் முன் மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று வருஷமும் அப்படித்தான் செய்தேன்.